சுவிட்சர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியமும்: மாநில உரிமையின் பக்கம் நின்று சில வழிகளை ஒப்பிடுதல்

சுவிட்சர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியமும் 2024 டிசம்பரில் ஒரு புதிய ஒப்பந்தத் தொகுப்புக்கான பேச்சுவார்த்தையை முடித்துக்கொண்டதிலிருந்து, அந்நாட்டில் பழைய அச்சம் ஒன்று மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. பொருளாதார வசதிக்காகச் செய்துகொள்ளும் இணைப்பு நாளடைவில் நாட்டின் இறையாண்மையையும், கன்டோன் எனப்படும் 26 மாநிலங்களின் தன்னாட்சியையும் அரித்துவிடும் என்பதே அந்த அச்சம். இதை வலதுசாரிக் கூச்சல் என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியிலும் அடிமைச் சாசனத்தைக் காண்போரும் உண்டு. வாக்குச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய குடிமகனுக்கு இரண்டு தரப்பும் உதவுவதில்லை. அந்தக் குடிமக்களுள் இலங்கையிலிருந்து சென்று குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக இருப்பதால், இது தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலான விவகாரமும் அன்று.

பிராந்தியப் பொருளாதார இணைப்பைப் பற்றிய பொதுவான விவாதத்துக்குச் சுவிட்சர்லாந்தைப் போலத் தெளிவான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது. சுமார் 90 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டை, சின்னஞ்சிறு லிக்டென்ஸ்டைன் நீங்கலாக, எல்லாப் பக்கமும் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளே சூழ்ந்திருக்கின்றன. அதன் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி ஒன்றியத்துக்கே போகிறது. அதே வேளையில் அதன் மாநிலங்கள் பெயரளவிலான நிர்வாகப் பிரிவுகள் அல்ல. வருமான வரி விதிப்பதும், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் காவல்துறையையும் நடத்துவதும், மலைநாட்டில் ஓடும் நீரின் மீது கட்டணம் வசூலிப்பதும் அவற்றின் அதிகாரத்துக்குள் வருகின்றன. அரசியலமைப்பை மாற்ற வேண்டுமானால் மக்களின் பெரும்பான்மையோடு மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். சுமார் 37,000 பேர் வாழும் ஊரி மாநிலமும், 16 இலட்சம் பேர் வாழும் சூரிச் மாநிலமும் அந்தக் கணக்கில் ஒரே எடை பெறுகின்றன.

இறையாண்மை இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்பதில் பயனில்லை என்பதால், வழிகளை ஒப்பிடுமுன் அளவுகோலைச் சொல்லிவிடுவது நல்லது. சட்டத்தை எழுதுவது யார், ஐயம் வந்தால் அதற்குப் பொருள் சொல்வது யார், வேண்டாம் என்று சொன்னால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டும். கூட்டாட்சி நாடு என்பதால் நான்காவதாக ஒன்றும் சேர்கிறது. நாட்டின் பெயரால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும்போது மாநிலங்கள் எங்கே நிற்கின்றன? இந்த நான்காவது கேள்விதான் விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது என்பது என் கருத்து.

முதல் வழி பின்னோக்கிச் செல்வது. 1972ஆம் ஆண்டின் தடையற்ற வணிக ஒப்பந்தத்தோடு நின்றுகொள்ளலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தை 1972 டிசம்பரில் 72.5 சதவீத வாக்காளர்களும் எல்லா மாநிலங்களும் ஏற்றன. அது தொழிற்பொருள்களின் சுங்கவரியை நீக்குவதோடு நின்றது. மக்கள் நடமாட்டமும் (ஒரு தரப்பினர் மறுதரப்பு நாட்டில் குடியேறி வேலை செய்யும் உரிமை) நீதிமன்றமும் அதில் இல்லை. தாளில் பார்த்தால் இறையாண்மைக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இருக்க முடியாது. நடந்த கதை வேறு. 2007 பிப்ரவரியில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், சில மாநிலங்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அளித்த வரிச் சலுகைகள் இதே 1972 ஒப்பந்தத்துக்கு முரணான அரசு உதவி (போட்டியைச் சிதைக்கும் சலுகை) என்று முடிவு செய்தது. நேரடி வரி மாநில உரிமையின் உயிர்நாடி என்பதால் எதிர்ப்பு வலுவாகத்தான் எழுந்தது. ஆயினும் ஒன்றியத்தின் அழுத்தமும், பின்னர் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் அழுத்தமும் சேர்ந்து அந்தச் சலுகைகளை வீழ்த்தின. 2017இல் ஒரு வரிச் சீர்திருத்தத்தை மக்கள் நிராகரித்த பிறகு, 2019 மே மாதம் திருத்திய வடிவில் அதை ஏற்றுக்கொண்டார்கள். மிகக் குறைவான இணைப்பு இருந்தபோதே, மாநிலங்களின் மிக ஆழமான உரிமையில் வெளியார் கை வைக்க முடிந்தது. இந்தச் செய்தியைப் பின்னோக்கிச் செல்லும் வழியை விரும்புவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. தனித்து நிற்கும் நாட்டுக்கு வெளியுலகம் எப்படி இருக்கும் என்பதற்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 39 சதவீதச் சுங்கவரியையும் நினைவில் கொள்ளலாம். அப்போது முறையிட்டு உடனே பயன்பெறத்தக்க ஒரு பொதுவான தீர்ப்பாயம் இல்லாமல், வாஷிங்டனுக்கு விமானம் ஏறுவதைத் தவிர தலைநகர் பெர்னில் உள்ள சுவிஸ் அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இரண்டாவது வழி இப்போதிருப்பதை அப்படியே விட்டுவிடுவது. அதிக ஆர்ப்பாட்டம் இல்லாத வழி என்பதால் பலருக்கும் இதன் மீது உள்ளூரப் பிரியம் உண்டு. 1992 டிசம்பரில், ஒன்றியத்தின் உறுப்பினராகாமலே அதன் உள்சந்தையில் (பொதுச் சந்தையில்) பங்கேற்க வழிசெய்யும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் சேர்வதை 50.3 சதவீதத்தினர் நிராகரித்தபின், 1999இல் ஏழு இருதரப்பு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, 2000 மே மாத வாக்கெடுப்பில் 67.2 சதவீத ஆதரவைப் பெற்றன. 2004இல் இரண்டாவது தொகுதி வந்தது. முதல் தொகுதியின் ஏழு ஒப்பந்தங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒன்றை முறித்தால் ஏழும் விழும். இந்த ஏற்பாட்டின் சட்டவடிவத்தில் பெரும்பாலும் நீதிமன்றமும் இல்லை, தானாக மாறும் சட்டமும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தை முறிக்காமல் ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்வதன் விலையும் எங்கும் எழுதப்படவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2014 பிப்ரவரியில் குடியேற்றத்துக்கு ஒதுக்கீட்டு வரம்பு கோரி, குடிமக்கள் கையொப்பம் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த மக்கள் முன்மொழிவு, இதே 50.3 சதவீதத்தில், இம்முறை ஆம் என்று வென்றது. அதன்பின் ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த குரோவாசியாவுக்கு நடமாட்ட உரிமையை நீட்டிக்கும் ஆவணத்தில் சுவிஸ் அரசு கையெழுத்திட இயலாமல் போனது. ஒன்றியமோ குடியேற்றத்தோடு தொடர்பே இல்லாத எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்தின் கதவை அடைத்தது. 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த முன்மொழிவை மிக மென்மையான வேலைவாய்ப்பு விதிகளாகச் சுருக்கித்தான் நெருக்கடியிலிருந்து வெளியே வந்தது. 2019 ஜூலையில் சுவிஸ் பங்குச் சந்தைக்கு ஒன்றியம் அளித்திருந்த அங்கீகாரம் நீட்டிக்கப்படவில்லை. 2021 மே 26 அன்று கூட்டாட்சி அரசு, இந்த ஒப்பந்தங்களுக்குப் பொதுவான விதிகளை வகுக்க ஏழாண்டுகள் இழுத்துக்கொண்டிருந்த கட்டமைப்பு ஒப்பந்தப் பேச்சை முறித்தது. மருத்துவக் கருவிகளுக்கான பரஸ்பர அங்கீகாரம், அதாவது ஒரு தரப்பின் தரச்சான்றை மறுதரப்பும் ஏற்கும் ஏற்பாடு, அதே நாளில் காலாவதியானது. ஒன்றியத்தின் ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டத்தில் முழுப் பங்கேற்பும் கைநழுவியது. எழுதப்படாத விலையை வலியவரே நிர்ணயிக்கிறார், அதுவும் அவருக்கு ஏற்ற நேரத்தில், அவருக்கு ஏற்ற துறையில். இதை இறையாண்மை காக்கப்பட்ட நிலை என்று கொண்டாடுவது எனக்கு விளங்குவதில்லை. மேலும், 1988 முதலே சுவிஸ் அரசு ஒவ்வொரு புதிய சட்ட வரைவையும் ஐரோப்பியச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, முடிந்தவரை ஒத்துப்போகும்படி எழுதிவருகிறது. யாரும் கட்டாயப்படுத்தாமலே அயலான் சட்டத்தைப் பின்பற்றும் இந்த வழக்கத்தில் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ தனியான பேச்சுரிமை கிடையாது. அது நிர்வாகத்தின் அன்றாட வேலையாகக் கரைந்துவிட்டது.

மூன்றாவது வழி, இப்போது மேசை மீதுள்ள புதிய தொகுப்பு. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் அச்சத்துக்கான உண்மையான காரணமும் அதற்கான மருந்தும் இரண்டுமே இதற்குள் இருக்கின்றன. மக்கள் நடமாட்டம், தரைவழிப் போக்குவரத்து, வான்வழிப் போக்குவரத்து, தொழிற்பொருள்களின் பரஸ்பர அங்கீகாரம், மின்சாரம், உணவுப் பாதுகாப்பு ஆகிய துறைகளில், ஒன்றியத்தின் சட்டம் மாறும்போது சுவிட்சர்லாந்தும் அந்த மாற்றத்தை ஏற்க வேண்டும். தானாக ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. சுவிஸ் நடைமுறைப்படி முடிவெடுக்க வேண்டும், வாக்கெடுப்பு கோரும் உரிமையும் இருக்கும். பிணக்கு எழுந்தால் இரு தரப்பும் சமமாக நடுவர்களை நியமிக்கும் தீர்ப்பாயம் விசாரிக்கும். ஆனால் பிணக்கு ஒன்றியச் சட்டத்தின் ஒரு கருத்தாக்கத்தைச் சார்ந்ததாக இருந்து, அதன் விளக்கம் தீர்ப்புக்குத் தேவைப்பட்டால், லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்க வேண்டும். அந்த விளக்கம் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தும். சுவிட்சர்லாந்து இறுதிவரை மறுத்தால், ஒன்றியம் உள்சந்தை ஒப்பந்தங்களுக்குள் தன் இழப்பை ஈடுசெய்யும் பதில் நடவடிக்கை எடுக்கலாம். அது அளவுக்கு மிஞ்சியதா என்பதையும் தீர்ப்பாயமே சொல்லும்.

எதிர்ப்பாளர்கள் லக்சம்பர்க்கைச் சுட்டிக்காட்டி அந்நிய நீதிபதிகள் என்று சொல்வது சும்மா சொல்வதல்ல. ஒரு தரப்பின் நீதிமன்றம் இரு தரப்புக்கும் பொருந்தும் விளக்கம் தருவது சமனற்ற ஏற்பாடுதான். அதை மழுப்புவதில் பொருளில்லை. ஆனால் அதற்கு ஈடாகக் கிடைப்பது மறுப்பின் விலைக்கு ஒரு வரம்பு. 2021இல் ஹொரைசனை மூடியது போன்ற, சம்பந்தமில்லாத துறையில் அடிக்கும் அடி இந்த ஏற்பாட்டில் செல்லாது. சட்டம் உருவாகும் கட்டத்தில் சுவிஸ் நிபுணர்கள் உட்கார்ந்து கருத்துச் சொல்லும் உரிமையும் சேர்கிறது. வாக்குரிமை மட்டும் இல்லை. மாறும் சட்டத்தை ஏற்பது எப்படி இருக்கும் என்று ஊகிக்கவும் தேவையில்லை. எல்லைச் சோதனையின்றிப் பயணிக்க வழிசெய்யும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் அது ஏற்கெனவே நடப்பில் உள்ளது. ஒன்றியத்தின் ஆயுதச் சட்ட மாற்றத்துக்கு எதிராகத் துப்பாக்கி சுடும் சங்கங்கள் கையொப்பம் திரட்டின; 2019 மே மாதம் 63.7 சதவீதத்தினர் மாற்றத்தை ஏற்றனர். எல்லைக் காவல் அமைப்பான ஃபிரான்டெக்ஸுக்குக் கூடுதல் நிதி அளிப்பதை 2022 மே மாதம் 71.5 சதவீதத்தினர் ஏற்றனர். இரண்டு முறையும் மறுத்திருந்தால் ஷெங்கனே கைவிட்டுப் போகக்கூடும் என்ற எச்சரிக்கை வாக்காளர் தலைக்குமேல் தொங்கியது என்பதும் உண்மை. புதிய தொகுப்பில் அப்படிப்பட்ட தானியங்கி முறிவு இல்லை.

மாநிலங்களின் பக்கம் வந்தால் கணக்கு துறைக்குத் துறை மாறுகிறது. டிசினோ மாநிலத்தில் இத்தாலியிலிருந்து எல்லை கடந்து வேலைக்கு வருவோர் ஏறத்தாழ 80,000 பேர். அங்கே கூலிப் பாதுகாப்பே முதல் கவலை. வெளிநாட்டு நிறுவனம் ஆட்களை அனுப்புமுன் எட்டு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி, இடர் மிகுந்த தொழில்களில் நான்கு வேலை நாள்களாகக் குறைகிறது. சோதனை செய்யும் பொறுப்போ மாநில அமைப்புகளின் தோளில் இருக்கிறது. வலே, கிராவ்புன்டன் போன்ற மலை மாநிலங்களுக்கு மின்சாரம்தான் பெரிது. நீர்க்கட்டணமும், அணைகளின் உரிமக்காலம் முடிந்ததும் அவை மாநிலத்துக்கும் ஊராட்சிக்கும் திரும்பும் உரிமையும் தொடப்படாது என்று கூட்டாட்சி அரசு உறுதி கூறுகிறது. அரசு உதவிக் கண்காணிப்பு மின்சாரத்துக்கும் தரை, வான் போக்குவரத்துக்கும் மட்டுமே விரியும். கண்காணிப்பதும் சுவிஸ் அமைப்பே. 2007இன் வரிக் கதையை நினைவில் வைத்திருக்கும் மாநில நிதியமைச்சர் இந்த வரம்பை நம்புவாரா என்பது வேறு விஷயம். நிதிச் சுமையும் உண்டு: 2030 முதல் 2036 வரை ஆண்டுக்கு 35 கோடி ஃபிராங்க் ஒன்றியத்தின் வறிய பகுதிகளுக்கான பங்களிப்பாகப் போகும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபின், 2025இல் கருத்துக் கேட்டபோது பெரும்பாலான மாநில அரசுகள் தொகுப்பை ஆதரித்தே எழுதின.

நான்காவது வழியான ஐரோப்பியப் பொருளாதார வலயம், 1992இல் மக்கள் மறுத்த அதே வலயம், இன்றும் திறந்துதான் இருக்கிறது. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் ஆகிய மூன்றும் ஒன்றியத்துக்கு வெளியே இருந்துகொண்டு உள்சந்தையில் முழுமையாக இருக்கின்றன. அவற்றுக்கென்று எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) நீதிமன்றம் தனியாக லக்சம்பர்க்கிலும் கண்காணிப்பு ஆணையம் பிரசல்ஸிலும் உள்ளன. தன் நாட்டு நீதிபதியும் உட்கார்ந்திருக்கும் நீதிமன்றம் என்ற வகையில் இது புதிய தொகுப்பைவிடக் கண்ணியமானது. ஆனால் ஏற்க வேண்டிய சட்டத்தின் பரப்பு பன்மடங்கு பெரிது. ஒரு சட்டத்தை மறுக்கும் உரிமை எழுத்தில் இருந்தும், மூன்று நாடுகளும் ஒரே குரலில் பேச வேண்டியிருப்பதால் அதைப் பயன்படுத்துவது கடினம். அஞ்சல் துறை விதியை மறுப்பதாக நார்வே 2011இல் அறிவித்தது. 2013இல் வந்த புதிய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 ஜனவரியில் ஒன்றியத்தின் எரிசக்தி விதிகளை ஏற்பது பற்றிய சச்சரவில் அங்கே கூட்டணி அரசே உடைந்தது. இறையாண்மை அச்சத்தை இந்த வழி தணிக்கவில்லை. உள்நாட்டு அரசியலின் நடுக்கூடத்துக்கு அதைக் கொண்டுவந்து விட்டது. கூட்டாட்சி மாநிலங்கள் இல்லாத அந்த மூன்று நாடுகளிடமிருந்து மாநில உரிமைக்கான பாடம் எதுவும் கிடைப்பதுமில்லை.

முழு உறுப்புரிமையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அதற்கான பேச்சை உடனே தொடங்கக் கோரிய முன்மொழிவை 2001 மார்ச்சில் 76.8 சதவீதத்தினரும் எல்லா மாநிலங்களும் புறந்தள்ளினர். 1992இல் கொடுத்த விண்ணப்பமும் 2016இல் திரும்பப் பெறப்பட்டது. 8.1 சதவீதமாக உள்ள மதிப்புக்கூட்டு வரியை ஒன்றியத்தின் குறைந்தபட்சமான 15க்கு உயர்த்த வேண்டும் என்பதே போதும், பெரும்பாலோரின் பேச்சு முடிந்துவிடும். இருந்தாலும் மாநில உரிமையின் பக்கமிருந்து பார்த்தால் இதில் ஒரு முரண் உண்டு. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, ஒன்றிய விவகாரங்களில் மாநிலங்கள் மேலவை வழியே பங்கேற்கின்றன. பள்ளிக் கல்வி, பண்பாடு, ஒலிபரப்பு ஆகியவற்றில் ஒன்றியக் கூட்டங்களில் ஜெர்மனியின் இருக்கையில் ஒரு மாநில அமைச்சரே உட்காரலாம். 2016 அக்டோபரில் பெல்ஜியத்தின் வலோனியா என்ற ஒரு பிராந்தியம் கனடாவுடனான வணிக ஒப்பந்தத்தை முழு ஒன்றியத்துக்குமாகச் சில நாள்கள் நிறுத்திவைத்தது. நாட்டின் இறையாண்மையை அதிகமாகப் பங்குபோடும் வழியில் மாநிலத்தின் குரல் அதிகமாகக் கேட்கக்கூடும். நாட்டின் உரிமையையும் மாநிலத்தின் உரிமையையும் ஒரே மூச்சில் சொல்லி ஒரே பொருளாக நடத்துவது எவ்வளவு தவறு என்பது இங்கே தெரிகிறது.

இதனால்தான் நான்காவது கேள்வியை முக்கியமாகக் கருதுகிறேன். வெளியுறவு என்ற பெயரில் எந்தத் துறை ஒப்பந்தத்துக்குள் போனாலும், அதைப் பற்றிப் பேசும் அதிகாரம் மாநிலத் தலைநகரிலிருந்து நாட்டின் தலைநகருக்கு நகர்கிறது. இந்திய வாசகர் இதை எளிதில் புரிந்துகொள்வார். அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு, பன்னாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் மீதும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற இடமளிக்கிறது. வேளாண்மை மாநிலப் பொருள் என்றபோதிலும், ரப்பரையும் மிளகையும் பாதிக்கும் என்று அஞ்சப்பட்ட, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடனான வணிக ஒப்பந்தத்தில் கேரளத்தின் எதிர்ப்பு எதிர்ப்பாகவே நின்றுபோனது. சுவிட்சர்லாந்தின் 1999ஆம் ஆண்டு அரசியலமைப்போ 55ஆம் பிரிவில், தம் அதிகாரத்தைத் தொடும் ஒப்பந்தப் பேச்சுகளில் மாநிலங்கள் தகுந்த முறையில் பங்கேற்கும் என்று எழுதிவைத்திருக்கிறது. 1992 வாக்கெடுப்பின் அதிர்ச்சிக்குப் பிறகு, 1993இல் மாநில அரசுகள் தங்களுக்கென ஒரு கூட்டு மன்றத்தையும் அமைத்துக்கொண்டன.

இப்போது நடக்கும் சண்டையில் பெரும்பகுதி, தொகுப்பை மக்கள் பெரும்பான்மை மட்டும் முடிவு செய்யலாமா, மாநிலங்களின் பெரும்பான்மையும் சேர்ந்த இரட்டைப் பெரும்பான்மை வேண்டுமா என்பதைப் பற்றியது. கூட்டாட்சி அரசு 2025 ஏப்ரலில் மக்கள் பெரும்பான்மை போதும் என்றது. வெளியுறவில் அரசியலமைப்பின் 140ஆம் பிரிவு, கூட்டுப் பாதுகாப்பு அமைப்புகளிலோ நாடுகளுக்கு மேற்பட்ட சமூகங்களிலோ சேர்வதற்குத்தான் இரட்டைப் பெரும்பான்மையைக் கட்டாயமாக்குகிறது என்பதால், சட்டத்தின் எழுத்து அரசின் பக்கம் இருக்கிறது. முன்னுதாரணம் இரு பக்கமும் உள்ளது: 1972இலும் 1992இலும் மாநிலங்களின் வாக்கு எண்ணப்பட்டது, 2000இலும் 2005இலும் எண்ணப்படவில்லை. 1992இல் ஆதரவாக விழுந்த மாநில வாக்குகள் 23இல் 7 மட்டுமே (26 மாநிலங்களில் ஆறுக்கு அரை வாக்குத்தான்) என்பதைப் பார்த்தால், இரு தரப்பும் இந்த விதியின் மீது இவ்வளவு பிடிவாதம் காட்டுவதன் காரணம் புரியும். மாநில அரசுகளே இதில் பிளவுபட்டு நிற்கின்றன.

ஆனால் இரட்டைப் பெரும்பான்மை, வாக்கெடுப்பு நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும் உரிமை. தொகுப்பு நடப்புக்கு வந்தபின் ஆண்டுதோறும் வரப்போகும் சட்ட மாற்றங்களில் பல, இருதரப்புக் கூட்டுக்குழுவில் அதிகாரிகள் மட்டத்திலேயே முடிவாகும் தன்மையுடையவை. நாடாளுமன்றத்துக்கு வராத மாற்றத்தின் மீது வாக்கெடுப்புக் கோர இயலாது. நாடாளுமன்றத்துக்கு வருவனவற்றின் மீதோ 50,000 குடிமக்களைப் போலவே எட்டு மாநிலங்களும் வாக்கெடுப்புக் கோரலாம். அந்த உரிமையை மாநிலங்கள் 2003இல் ஒரு வரித் தொகுப்புக்கு எதிராகப் பயன்படுத்தி, 2004 மே மாதம் வென்றும் காட்டியிருக்கின்றன. எனவே மாநிலங்களின் பேரம் இங்கே குவிய வேண்டும்: கூட்டுக்குழுவின் நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே மாநிலங்களுக்குக் கிடைப்பது, அவற்றின் அதிகாரத்தைத் தொடும் மாற்றம் எதுவும் நாடாளுமன்றத்தைத் தாண்டாமல் ஏற்கப்படாதிருப்பது, ஒன்றியச் சட்டம் வரைவாக இருக்கும்போதே அனுப்பப்படும் நிபுணர் குழுவில் மாநில அதிகாரி ஒருவர் இருப்பது. இவை ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸிடம் கேட்க வேண்டியவை அல்ல. பெர்னில் சட்டமாக எழுத வேண்டியவை.

இந்த மூன்றும் தொகுப்போடு சேர்ந்து சட்டமானால், இப்போதிருக்கும் நிலையைவிடவும் வலயத்தைவிடவும் புதிய தொகுப்பே மேலான தெரிவு என்று சொல்வேன். அப்போது மக்கள் பெரும்பான்மை மட்டும் போதும் என்ற அரசின் நிலையையும் ஏற்பேன். அவற்றை எழுதித்தர அரசு மறுக்குமானால், ஊரிக்கும் சூரிச்சுக்கும் சம எடை தரும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மாநிலங்கள் விட்டுக்கொடுக்கக் காரணம் எதுவும் இல்லை.